கூட்டிப் போடச் சொன்ன சோலைவரி

தங்கச்சியின் வீட்டுக்கு என் வீட்டைவிடச் சோலைவரி, அதுதான் வீட்டுவரி, கூட என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வரி கூட வந்தால் அவள்தானே கவலைப்பட வேண்டும்? அவள் கவலைப்படத்தான் செய்தாள். "பாரக்கா, எவ்வளவு போட்டிருக்கிறாங்கள் எண்டு," என்று பிரதேச சபையின் கடிதத்தை வேலிக்கு மேலால் நீட்டினாள். எனக்கு அது முறைப்பாடாகக் கேட்கவில்லை. பெருமையாகத்தான் கேட்டது.

அப்பா ஒரே வளவை இரண்டாகப் பிரித்துத்தான் எங்களுக்குச் சீதனம் தந்தார். வீதிப் பக்கமும் பழைய கல்வீடும் அவளுக்கு. ஒடுங்கின ஒழுங்கைப் பக்கத்து வெறுங்காணி எனக்கு. அதில் வீடு கட்டியது நானும் இவரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான்: அம்மா அவளோடு இருக்கிறார். கடைசி மகளின் வீட்டில் தாய் இருப்பதுதான் வழக்கமாம். அது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் வந்தபோது, முற்றத்தில் இறங்கி நடக்க வேண்டாமென்று, கக்கூசோடு சேர்த்து ஓர் அறையை என் வீட்டில் கட்டினேன். தனி வாசல், வழுக்காத மாபிள் தரை, பிடித்து எழும்பச் சுவரில் கம்பி. அம்மா வந்து பார்த்தார். "நல்லாயிருக்கு பிள்ளை," என்றார். தேத்தண்ணி குடித்தார். போய்விட்டார். பிறகு பார்த்தால் தங்கச்சியும் வீட்டுக்குள் கக்கூஸ் கட்டுகிறாள். என்னைப் பார்த்துக் கட்டினவள் அவள். வயிறு எரியாதா எனக்கு?

இப்போது சபையும் அவளுடைய வீடுதான் உசத்தி என்று எழுதிவிட்டது. ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்லலாம் என்று கடிதத்தில் இருந்தது. போனேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும், "கூட்டிப் போடுங்கோ," என்றேன்.

உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்தார். "அக்கா, விளங்கித்தான் கதைக்கிறியளோ?"

"ஓம், விளங்கித்தான். நான் கட்டின அறை உதிலை சேரேல்லை. தங்கச்சியின்ரையைவிட என்ரை வீடு எப்பிடிக் குறையும்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது வீட்டின்ரை விலை இல்லை அக்கா. வீட்டை வாடகைக்கு விட்டால் வருசத்துக்கு எவ்வளவு வரும் எண்டுதான் மதிக்கிறது. அதிலை ஒரு வீதம்தான் வரி. தங்கச்சியின்ரை வீடு றோட்டுக்கரை, அறையும் கூட. அதாலை அங்கை கூட வரும். உங்கடை புது அறையை ஆள் வந்து பாக்கும். ஒண்டு சொல்லுறன், முழு வருசத்துக்கும் தை மாதமே கட்டினால் கழிவு இருக்கு, கொஞ்சம் குறைச்சு எடுப்பம்."

சில கிழமைகளில் மதிப்பிடுகிறவர் வந்தார். அறையைத் திறந்து காட்டினேன். கட்டில் விரிப்பில் மடிப்புக் கலையவில்லை.

"இதிலை ஆர் இருக்கினம்?"

"அம்மா," என்றேன்.

"அம்மா எங்கை?"

வேலிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் கொப்பியைத் திறந்தார். "தனி வாசல், உள்ளுக்கை கக்கூஸ். வாடகைக்கு நல்லாப் போகும்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

புதுக் கடிதம் வந்தது. என்னுடையதுதான் இப்போது கூட. நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, வேலிக்கு மேலால் நீட்டாமல், வாசல் படலையாலேயே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவளுடைய முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் எனக்கு. அவள் கடிதத்தை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்கென்ன விசரோ அக்கா? வரியை ஆரும் கேட்டு வாங்குவினமே?"

அம்மா கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "ஏனாம் கூட்டினவங்கள்?" என்றார்.

"உங்கடை அறைக்குத்தான் அம்மா. வாடகைக்கு விடலாமாம்."

அம்மா தலை நிமிரவில்லை. "அப்ப விடன் பிள்ளை. சும்மாதானே பூட்டிக் கிடக்கு."

தை பிறந்ததும் முதல் ஆளாகப் போய் முழு வருடத்துக்கும் கட்டிவிட்டு வருகிறேன். கழிவு இருக்கிற விஷயத்தைத் தங்கச்சிக்குச் சொல்லவில்லை. அந்த அறையை இன்னும் ஒருவருக்கும் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கட்டில் விரிப்பை மாற்றுகிறேன்.