என் கிருமி வேறு, தம்பியின் கிருமி வேறு

மலேசியாவில், செண்டாயான் ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்கிறேன். அங்கே இரத்த தானம் கொடுத்த பிறகுதான் கடிதம் வந்தது: ஹெப்படைட்டிஸ் சி (கல்லீரலை மெல்லக் கெடுக்கும் வைரஸ் தொற்று). எனக்கு ஒரு வலியும் இருந்ததில்லை. உங்களுக்கும் இப்படியொரு கடிதம் வந்திருந்தால் பயப்படாதீர்கள், மருந்து இருக்கிறது. நான் செய்த மடத்தனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

உடனே தம்பி குமார்தான் நினைவுக்கு வந்தான். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்த காலத்தில் ஊசி போதைக்குப் பழகி, பிறகு மீண்டவன். அவனுக்கு இந்த நோய் இருப்பது எனக்குத் தெரியும். ரஹாங்கில் என் வீட்டில் ஒரு வருடம் தங்கியிருந்தான். அவன் நகவெட்டியை நானும் எடுத்திருக்கிறேன். போதாதா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஒன்னாலதான்டா எனக்கு இந்தக் கதி!" என்று போனில் கத்தினேன். தீபாவளிக்கு வந்தவனை உள்ளே கூப்பிடவில்லை. சோற்றையும் கோழிக் குழம்பையும் பொங்குஸ் (பொட்டலம்) கட்டி வாசலிலேயே கொடுத்தேன். "பரவால்லக்கா" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தான் இருக்கும் தம்பின் ஊருக்குத் திரும்பிவிட்டான்.

டாக்டரிடமும் அவனைத்தான் குற்றம் சொன்னேன்.

"சேந்து சாப்பிட்டா பரவாதும்மா, ரத்தத்தோட ரத்தம் கலக்கணும். இந்த வைரஸ்ல பல வகை இருக்கு. ஒங்களுக்கு எதுன்னு பாப்போம்."

மரபணு வகைச் சோதனை (வைரஸ் எந்த வகை என்று பிரித்தறிவது) எழுதிக் கொடுத்தார். எனக்கு 1ஏ. குமார் என் வீட்டில் விட்டுப்போன பழைய அறிக்கையில் 3ஏ. ஒரு வகை இன்னொன்றாக மாறாதாம்.

"அப்போ தம்பிகிட்டேருந்து வரலியா?"

"வரல. வேற எங்கேருந்துன்னு இனிமே கண்டுபிடிக்கிறது கஷ்டம்லா."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. நேரே தம்பினுக்குப் போய், இரண்டு தாளையும் அவனிடம் நீட்டி, "மன்னிச்சிருடா" என்றேன்.

இரண்டையும் விரல் வைத்துப் படித்தான். "நான்தான் ஒனக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சேன்க்கா. அக்காவுக்கே நோயக் குடுத்தவனுக்கு மருந்து எதுக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போறதையே விட்டுட்டேன்."

ஐயோ! மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். அவன் கல்லீரல் இறுகத் தொடங்கியிருந்தது. இன்னும் தாமதமாகவில்லை என்றார் டாக்டர். இப்போதைய மாத்திரை இரண்டு வகைக்கும் வேலை செய்யுமாம், பன்னிரண்டு வாரம். மற்ற சோதனைகள் முடிந்து அவன் எனக்குப் பல மாதங்கள் பின்னால்தான் தொடங்கினான்.

என் இரத்தத்தில் இப்போது வைரஸ் இல்லை. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதம் மட்டும் தங்கிவிடுமாம், அதனால் இனி இரத்த தானம் செய்ய முடியாது. பரவாயில்லை, உடம்பு லேசாக இருக்கிறது. மாத்திரை முடிந்த பிறகும் காலை எட்டு மணிக்குக் கை தானாகத் தண்ணீரை எடுக்கிறது. குடித்துவிட்டு அவனுக்குப் போன் போடுகிறேன்.

"மாத்திர போட்டியாடா?"

"போட்டாச்சுக்கா, தொல்ல பண்ணாத லா."

இன்று அவனுக்கு ஒன்பதாவது வாரம்.