தெரியுதுங்க

மாசாணியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறாள். டாக்டரானாலும் வாட்ச்மேனானாலும் அவள் வாயிலிருந்து தப்பியதில்லை. கொங்கு மண்ணில் பிறந்தும் மரியாதைக்கு ஒரு ‘ங்க’ போடத் தெரியாத ஒரே ஜீவன் என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

அன்று கிணத்துக்கடவுப் பக்கம் வேன் இடித்துத் தூக்கியெறிந்த எட்டு வயது ஹர்ஷிணியைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் ஓர் எலும்பும் முறிந்திருக்கவில்லை. டூட்டி டாக்டர் சைத்ரா அவள் காலைத் தொட்டுத் தொட்டு, “தெரியுதா?” என்றாள்.

“தெரியுதுங்க.”

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

அப்பன் வெங்கடபதிக்குப் பெருமை தாங்கவில்லை. “டாக்டரம்மா கேட்டா மறுத்துப் பேசாம மருவாதியாச் சொல்லோணும்னு நாந்தானுங்க சொல்லி வெச்சேன். வெறும் சுளுக்குங்க. ஊருக்குப் போயி நீவி உட்டா சரியாப் போயிருமுங்க” என்று கிளம்பத் தயாரானான்.

மாசாணியம்மாள் பிள்ளையின் பாதத்தில் காய்ந்திருந்த ரத்தத்தை ஐஸ் தண்ணீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் துடைத்தால் எந்தப் பிள்ளையும் ஊரைக் கூட்டும். இதுவோ ஃபேனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மாசாணியம்மாள் துணியைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இப்பத் தொடறேனே, தெரியுதா கண்ணு?”

“தெரியுதுங்க.”

“எந்தக் காலு?”

“நீங்க எதச் சொன்னாலும் சரிங்க.”

“டாக்டரம்மணி, இங்க வா!” என்று அவள் போட்ட சத்தத்தில் சைத்ரா ஓடி வந்தாள். மகளைத் தூக்கப்போன வெங்கடபதியை மாசாணியம்மாள் குறுக்கே நின்று மறித்தாள். “புள்ளயத் தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்!”

கண்ணை மூடச் சொல்லிச் சோதித்ததும் சைத்ராவின் முகம் மாறியது. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் வீங்கியிருந்தது. சின்னப் பிள்ளைகளின் எலும்பு வளைந்து கொடுத்துத் தப்பித்துவிடும், உள்ளேயிருக்கும் தண்டுவடத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று விளக்கினாள். “நீவியிருந்தா நடக்கவே முடியாமப் போயிருக்கலாம்” என்றதும் வெங்கடபதி கிளம்ப எடுத்த பையைக் கீழே வைத்தான்.

பிள்ளையை அசையாமல் படுக்கவைத்தார்கள். மாசாணியம்மாள் தினமும் வந்து, “உள்ளதச் சொல்லு கண்ணு” என்று பாதத்தைக் கிள்ளினாள். தினமும் ஹர்ஷிணி, “தெரியலீங்க, மன்னிச்சுக்குங்க” என்றாள்.

பதினெட்டாம் நாள் கிள்ளியபோது வார்டே அதிர்ந்தது.

“ஏய், வலிக்குது! உடுடி! அறிவில்ல உனக்கு?”

வெங்கடபதி பதறிப்போய், “பெரியவங்களப் போயி அப்படிப் பேசலாமா சாமி?” என்றான்.

மாசாணியம்மாள் அழுதுகொண்டே இன்னொரு காலையும் கிள்ளினாள்.