மழை லீவு

இன்று காலை கீரமங்கலம் பஸ்ஸில், கொட்டும் மழையில் நனைந்தபடி நிறைமாதப் பெண் ஒருவர் ஏறினார். எழுந்து இடம் கொடுத்தேன்.

"பள்ளிக்கூடத்துக்கே கலெக்டர் லீவு விட்டுட்டாரு. நீ எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் கண்டக்டர்.

"வயித்துல இருக்கவருக்கு மட்டுந்தாண்ணே லீவு. எனக்கு ஜவுளிக்கடை தொறந்திருக்கு" என்று சிரித்தார்.

"கடையில லீவு கேக்கலாமேம்மா?" என்றேன்.

"போன தடவை பிரசவ லீவை முன்னாடியே எடுத்துட்டேன் சார். பொறந்த புள்ள தங்கல. லீவு முடிஞ்சிருச்சுன்னு ஒடனே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இந்தத் தடவை லீவைப் புள்ளகூட இருக்கத்தான் வச்சிருக்கேன்."



நிறுத்தமே இல்லாத அந்தக் கடை வாசலில் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். இன்று எங்கள் ஊரில் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைத்த மழைச் சலுகை இவ்வளவுதான்.

உங்கள் ஊரில் எப்படி?