திரும்பி வருவதற்கான ஆதாரம்

மற்றவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்துபோகிற தொழில் என்னுடையது. யாழ்ப்பாணத்தில், கொக்குவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு விசா படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் என் ஒரே தம்பிக்குச் சிறுநீரக வருத்தம். அவனால் விமானம் ஏற முடியாது, நான்தான் போகவேண்டும். எனக்கும் இரண்டு தரம் நிரப்பினேன். இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். விசாவுக்கு அலைந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

ஒரு நாள் கூட

மகேஸ்வரி அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் பிரான்சில், ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் டென்மார்க்கில். நாடுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் ஒரே விசாவில் மூன்று வீட்டுக்கும் போகலாம் என்று பெருமையாகச் சொன்னேன், ஏதோ நானே சேர்த்துவைத்த மாதிரி. ஆனால் கூடுதல் நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். "ஆரோடை கூட நாள் நிப்பியள்?" என்று கேட்டேன். அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பத்துப் பத்து நாள் என்றார். அப்படியென்றால் முதலில் எந்த வீடு என்று கேட்டேன். அது இன்னும் மோசமான கேள்வியாகப் போய்விட்டது.

"பிள்ளை, மூண்டையும் ஒரே வயித்திலைதான் சுமந்தனான். அப்ப ஒருத்தரும் இவ்வளவு கேள்வி கேக்கேல்லை."

கையில் கடவுச்சீட்டு

குருநகர் அந்தோனி அண்ணை கடல்தொழில் செய்கிறவர். பிரான்சில் இருக்கும் மகன் அவரைக் காரில் பெல்ஜியத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறான். புறப்பட்டதிலிருந்து அண்ணை கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாராம். வழியில் பெற்றோல் அடிக்கக் கார் நின்றது. அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, நாங்கள் எல்லோரும் யுத்தகாலச் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டை காட்டிப் பழகின மாதிரியே கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தபடி நடந்து, காசு வாங்கும் பெண்ணிடம் நீட்டியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டுக் கோப்பி வேண்டுமா என்று கேட்டாளாம். எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்கள். ஒருகாலத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், இன்று எல்லையில் ஒருவரையும் மறிப்பதில்லை. இதைவிடப் பெரிய நன்மை எனக்குத் தெரியவில்லை. அண்ணைக்குத்தான் திருப்தியில்லை.

"ஒருத்தரும் மறிக்கேல்லை, தங்கச்சி. நான் இன்னும் பெல்ஜியத்துக்குப் போகேல்லைப் போலத்தான் கிடக்கு."

இருந்த இடத்திலேயே

புத்தூரிலிருந்து ஒரு தாய் மாதாமாதம் வருவார். நிரப்ப அவரிடம் படிவம் ஒன்றும் இல்லை. விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போக வெளிக்கிட்ட மகன் வழியில் சேர்பியாவில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒன்றியம் வளரவேண்டும் என்று அவரைப்போல் ஆசைப்படுகிற ஆள் ஐரோப்பாவிலேயே இருக்கமாட்டார். சேர்ந்தாலும் சட்டம் அவனை அப்படி விடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்காகலாம் என்று மட்டும் சொன்னேன்.

"ஆகட்டும். என்ரை பிள்ளை காடுகளுக்குள்ளாலை நடக்கத் தேவையில்லை. இருந்த இடத்திலையே உள்ளுக்குப் போயிடுவான்."

மூன்றாம் தரம்

மற்றவர்களுக்குப் புருஷன், காணி, பேரப்பிள்ளை என்று ஆதாரம் அடுக்குவேன். எனக்குக் கல்யாணமும் இல்லை, காணியும் இல்லை. இருப்பது வாடகை அறை. பின்னேரம் கடையைப் பூட்டினால் மறுநாள் காலைவரை என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. தனிமையாகத்தான் இருக்கிறது. அதை எழுதினால் எனக்கே எதிராகப் போகும்.

போன கிழமை மூன்றாவது தரமாக எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த மகேஸ்வரி அக்கா, ஒரு சொக்லேற் பெட்டியோடு முன்னால் இருந்தார். அடுத்த வருடமும் போகவேண்டுமாம். 'திரும்பி வருவதற்கான காரணம்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இந்தத் தரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது நான். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன்.

"எழுதும் பிள்ளை. கொக்குவிலிலை ஒரு கிழவி, ஃபோம் நிரப்ப ஆளில்லாமல் உம்மடை கடை வாசலிலை இருப்பாள் எண்டு எழுதும்."

எழுதிவிட்டேன். இத்தனை நாடுகளை ஒரே கதவுக்குள் சேர்த்தவர்கள், இந்த ஒரு கிழவியையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொள்கிறார்களா, பார்ப்போம்.