அண்ணன் அள்ளிய மேல்மண்

அப்பா விட்டுப்போன வயல் சீவலப்பேரியில் ஆற்றோரம் இருக்கிறது. எனக்கும் அண்ணனுக்கும் பொது. அவன் வேலை கிடைத்துத் திருநெல்வேலிக்குப் போனபிறகு பயிர் வைப்பது என் பாடாயிற்று. பாகம் பிரிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணன்தானே.

நான் கையில் எடுத்தபோது அந்த மண் வெளுத்துக் கிடந்தது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். உரமூட்டையை நம்பியே பிழைத்த மண். பிசான நெல் அறுத்ததும் கொழிஞ்சி விதைத்து, பூக்கும்போது மண்ணுக்கு உரமாக மடக்கி உழுதேன். ஆட்டுக்கிடை போட்டேன். வைக்கோலில் பாதியை மாட்டுக்குக் கொடுக்காமல் வயலிலேயே விட்டேன். அதற்கு வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக்கதை. மட்கு என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். இலையும் சாணமும் வைக்கோலும் அழுகி, எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாமல் மண்ணோடு ஒன்றாகக் கருத்துக் கிடப்பது. அவசரப்பட்டால் நடக்காது, வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அப்படிக் காத்திருந்தும் மேலே ஒரு சாண் அளவுக்குத்தான் சேர்ந்தது. அதற்குக் கீழே பழைய வெளுத்த மண்தான்.

அண்ணன் கேலி செய்வான். "ஏட்டி, வயல்ல நெல்லு வெளயவைக்கியா, குப்பை வெளயவைக்கியா?" ஆனால் அரிசி மூட்டை அவன் வீட்டுக்குப் போனதும், சாப்பிட்டுப் பார்த்துவிட்டு போன் பண்ணிப் புகழ்வான். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்க் கோடை முழுக்க அங்கே இருந்தேன். திரும்பிவந்து வயலுக்குப் போனால், வரப்பு மட்டும் உயரமாக நின்றது. வயல் பள்ளத்தில் கிடந்தது. மண் வெளேரென்று இருந்தது, இயந்திரத்தின் பல் பதிந்த கோடுகளோடு.

பக்கத்து வயல்காரர்தான் சொன்னார். "ஒங்க அண்ணாச்சி கூடவே நின்னு லாரில அள்ளிட்டுப் போனாவ. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

அண்ணனுக்கு போன் போட்டேன். பாளையங்கோட்டையில் அவன் கட்டும் புது வீட்டு முற்றம் பள்ளமாம், தோட்டம் போட மண் வேண்டுமாம். "மண்ணத்தானட்டி அள்ளுனேன்? நெலம் அங்கனயேதான கெடக்கு? பட்டாவுல ஒம்பேரு போயிட்டா?" என்றான்.

போனை வைத்துவிட்டு அழுதேன். ஊர்பூராவும் மண் கிடக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து என் வயலைத் தேடி வந்திருக்கிறான். அதன் அருமை தெரிந்துதான் அள்ளியிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கார் சாகுபடிக்கு நட்ட நாற்று பச்சை பிடிக்கவே இல்லை. மஞ்சளாகவே நின்றது.

ஆவணியில் அவன் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு, குடிபுகும் விருந்து. போகாவிட்டால் சொந்தக்காரர்கள் வாய்க்கு அவல் கிடைத்துவிடுமே என்று போனேன். முற்றத்தில் வாழையும் கனகாம்பரமும் கருகருவென்று நின்றன. நடுவே அங்கங்கே கொழிஞ்சி முளைத்திருந்தது, என் வயலில் தப்பிக் கிடந்த விதை. அண்ணன் தாய்மாமாவைக் கூட்டிவந்து காட்டினான். "இந்த மண்ணுக்கு உரமே வேண்டாம் மாமா, குச்சிய நட்டாலும் தளுக்கும்."

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி அவனே ஆரம்பித்தான். "சீவலப்பேரி வயல்ல இனி எனக்குப் பங்கு வேண்டாம். முழுசும் தங்கச்சிக்குத்தான். எழுதிக் குடுத்துருதேன்."

மாமா கண்கலங்கிவிட்டார். "இந்தக் காலத்துல எந்த அண்ணன்வே இப்படிச் செய்யுதான்?" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள்.

"வயலு இங்கனல்லா கெடக்கு, அண்ணே" என்று முற்றத்தைக் காட்டினேன்.

மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அண்ணனுக்கு விளங்கியது. என்னைப் பார்க்காமல், ரசம் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.