முந்திரித் தோப்பில் ஈயம் காய்ச்சினார்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். என் கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் இப்படி வேறொரு ஊரைத்தான் சொந்த ஊர் என்பார்கள்.

நாங்கள் போர்டு முன்னால் உட்கார்ந்து லைன் போட்டுக் கொடுக்கும் அறைக்குப் பின்னால் பேட்டரி அறை இருந்தது. கண்ணாடி ஜாடிகளில் ஆசிட்டுக்குள் ஈயத் தகடுகள் முங்கிக் கிடக்கும். மரச் சட்டங்களின் மேல் வரிசையாக அந்த ஜாடிகள். டவுன்ஷிப்பின் எல்லா டெலிபோன்களுக்கும் உயிர் அங்கிருந்துதான் வந்தது. உள்ளே போனால் தொண்டை கரகரக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் நிற்காமல் ஓடும். சுவரில் சிவப்புப் பெயின்டில் 'கைகளைக் கழுவாமல் உணவு உண்ணாதீர்' என்று எழுதியிருந்தது.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பக்கத்துக் கிராமத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் ஊரும் இல்லாமல் போனது. என்றைக்காவது பெர்மனன்ட் ஆகிவிடும் என்று காத்திருந்தார். ரப்பர் ஏப்ரனும் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஜாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

ஓர் ஆயுத பூஜைக்குத் தன் மகளைக் கூட்டிவந்தார். மூன்று வயதிருக்கும். என் ஹெட்செட்டை அவள் தலையில் மாட்டிவிட்டேன். "அலோ, ஆரு பேசறது? எங்கப்பா வேலையா கீறாரு, அப்புறம் பண்ணு" என்று யாரிடமோ கண்டிப்பாகச் சொன்னாள். அறையே சிரித்தது. பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பும்வரை அவள் வாய் ஓயவில்லை.

அடுத்த வருஷம், எண்பதுகளின் பிற்பகுதியில், புது எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. குளிர்சாதன அறை, பீரோ மாதிரி நாலைந்து பெட்டிகள், அவ்வளவுதான். பழைய போர்டு, லைன் மாற்றும் ரிலே அடுக்குகள், ஈய உறை போட்ட கேபிள்கள், பேட்டரிகள் எல்லாம் ஸ்கிராப் ஏலத்துக்குப் போயின. அத்தனை வருஷம் உட்கார்ந்த போர்டு என்ன ஆகும் என்று எங்கள் அதிகாரியிடம் கேட்டேன்.

"ஏலத்துல எடுத்தவன் கொண்டுபோவான். கேட்டைத் தாண்டிட்டா அது நம்ம பொருள் இல்லம்மா" என்றார்.

புது எக்ஸ்சேஞ்சின் பராமரிப்பு வேறு கான்ட்ராக்டரிடம் போனது. அவர் தன் ஆட்களையே கொண்டுவந்தார். பேட்டரி அறைக்காரருக்கு வேலை போயிற்று. சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைலி எடுப்பதற்காக என் கணவரும் நானும் ஸ்கூட்டரில் குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். வழியில் ஒரு முந்திரித் தோப்பிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழுந்து ரோட்டை மறைத்தது. கண் எரிந்து வண்டியை நிறுத்தினோம். தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் எங்கள் எக்ஸ்சேஞ்ச் குவிந்து கிடந்தது. என் போர்டின் மரச்சட்டம் விறகாக வெட்டி அடுக்கப்பட்டிருந்தது.

அவர் அங்கே இருந்தார். மேல்சட்டை இல்லை. கேபிள்களை நெருப்பில் போட்டு, உறை எரிந்தபின் செம்பை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய இரும்புச் சட்டியில் பேட்டரித் தகடுகள் உருகின. ஜாடிகளைக் கவிழ்த்த ஆசிட் செம்மண்ணில் ஒரு பள்ளத்தில் நுரைத்துக் கிடந்தது. கொட்டகையை ஒட்டிய குடிசையில் அவர் மனைவி சோற்றுக்கு உலை வைத்திருந்தார். மகள் ரிலே குவியலின் மேல் உட்கார்ந்து கலர் கலரான ஒயர்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சாம்பல் தூசி. நடுநடுவே விரலைச் சப்பினாள்.

"வாங்கம்மா" என்று எழுந்து வந்தார். "இதெல்லாம் எப்பிடிக் கயட்டறதுன்னு எனக்குத் தெரியும்ல, அதான் முதலாளி என்னியே வச்சிகினாரு. தங்கறதுக்கு எடமும் குடுத்தாரு."

"கையுறை எங்க? ஏப்ரன்?"

"அதெல்லாம் ஆபீஸு சாமானுங்க. அங்கியே வச்சிட்டு வந்துட்டேன்."

"கையக் கழுவிட்டாவது சாப்பிடுறீங்களா?"

"தண்ணிய தூரத்துலேர்ந்து எடுத்தாரணுங்க. குடிக்கத்தான் பத்துது."

முதலாளி என்று அவர் சொன்ன கொட்டகைக்காரர் வெளியூர் ஆள். மரியாதையாகத்தான் பேசினார். இது விஷம், குழந்தையை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று என் கணவர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லா ஊர்லயும் இப்படித்தான் சார் நடக்குது. வேண்டாம்னா இவங்களப் போகச் சொல்லிடறேன். நீங்க வேலை போட்டுக் குடுக்கறீங்களா?" என்றார். என் கணவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார். கைலி எடுக்காமலே வீடு திரும்பினோம்.

பிறகும் நான் விடவில்லை. வீட்டிலிருந்த பழைய சட்டைகள், சோப்பு, ஒரு ஜோடி கையுறை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது கையுறை கருகிக் கிடந்தது. உருகின ஈயத்துக்கு அது தாங்கவில்லை.

மழைக்காலத்தில் அவர் மனைவி எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். "வவுத்து வலின்னு சுருண்டுகினே கெடக்காருங்க. மருந்துக் கடைல வவுத்துப் பூச்சிக்கு மருந்து குடுத்தாங்க, கேக்கல. இப்ப கையி ரெண்டும் தொங்கிப் போச்சு. டம்ளரப் புடிக்க முடியல." அப்புறம்தான் மகளைப் பற்றிச் சொன்னார். "பாப்பாவுக்கு நேத்து வலிப்பு வந்துதுங்க."

என் கணவர் நண்பர் ஒருவரின் காரைக் கேட்டு வாங்கிவந்தார். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓர் இளம் டாக்டர் குழந்தையின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். தகப்பனின் ஈறையும் பார்த்தார். இருவருக்கும் பல்லை ஒட்டி நீலமாக ஒரு கோடு ஓடியது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"பழைய டெலிபோன் சாமான் உருக்கறேனுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். காரீயம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, குழந்தைக்கு மூளைவரை போயிருக்கிறது என்றார். ஊசி போட்டால் கொஞ்சம் வெளியே வரும். ஆனால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது.

இதை அவர் மனைவியிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர் அழவில்லை. "வேற எங்க போறதுங்க? எங்க ஊருதான் மைன்ஸுக்குள்ள போயிடிச்சே" என்றார்.

வலிப்பு நின்றது. குழந்தை பிழைத்தாள். பேச்சு திரும்பவில்லை.

நான் மறுபடி அதிகாரியிடம் போனேன். முறையாக உருக்குகிற ஆலைகள் எங்காவது இருக்கும், உயரமான புகைபோக்கியும் காப்புச் சாதனங்களும் வைத்திருப்பார்கள், இனிமேல் பழைய பேட்டரிகளை அவர்களுக்கு மட்டும் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டீ வரவழைத்தார். "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அதிக விலை கேக்கறவனுக்குத்தான் குடுக்கணும்னு இருக்கு. வாங்கினவன் என்ன செய்யறான்னு கேக்க நமக்கு ரூலே கிடையாதும்மா."

கடலூருக்குப் போய், தொழிற்சாலைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் முறையிட்டோம். விசாரிக்க ஆள் வருவதற்குள் கொட்டகைக்காரர் தகரத்தையும் சட்டிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புப் பக்கம் போய்விட்டார். அங்கே வேறு குடும்பங்கள் கிடைத்திருக்கும். வந்த ஆள் வெறும் தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கரி மண்ணும், கசடும், ஆசிட் பள்ளமும், அந்தக் குடிசையும் அப்படியே இருந்தன. பள்ளத்தைச் சுற்றியிருந்த முந்திரி மரங்கள் இலை கொட்டி நின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய குடும்பமும் அங்கேயேதான் இருந்தது. வந்துகொண்டிருந்த கூலியும் இப்போது இல்லை.

நான் போனபோது அவர் குடிசைக்கு வெளியே, மணிக்கட்டுகள் மடிந்து தொங்க உட்கார்ந்திருந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. என்னிடம் கேட்டார்:

"புது எக்ஸ்சேஞ்சுல பேட்டரி உண்டுங்களா?"

"இருக்கு."

"அதுவும் பயசாவும்ல. அத எங்க கொண்டுபோவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

அவர் மனைவியை வீட்டு வேலைக்கு வரச் சொன்னேன். சில மாதம் வந்தார். குழந்தையைப் பின்வாசல் படியில் உட்காரவைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பார். எங்கள் வீட்டு டெலிபோன் அடித்தால் குழந்தை திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒரு வாய் சோறு ஊட்ட அரைமணி ஆகும். டெலிபோனை எடுத்துப் பேசவே எனக்கு அப்போதெல்லாம் கூச்சமாக இருந்தது. தோப்பு விலைபோனபோது குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பேட்டரி அறைக்காரர் இறந்த செய்தி தெருவில் காய்கறி விற்க வருகிற பெண்மணி மூலமாக, தாமதமாக வந்தது. துக்கம் விசாரிக்கப் போக வேண்டிய வீடு எது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். இடுப்பில் மகள். வளர்ந்துவிட்டிருந்தாள். கால்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. நடக்கிறாளா என்று கேட்டேன்.

"கொஞ்ச தூரம் நடப்பா. அப்புறம் வுழுந்துடுவா."

மாத்திரை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கடலூர் பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. குழந்தையை முதலில் உள்ளே ஏற்ற நான் கை கொடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். அவள் கண்கள் என் முகத்தின் மேல் பட்டு, நிற்காமல், எனக்குப் பின்னாலிருந்த சுவருக்குப் போய்விட்டன.