இழுக்காத, தூக்கி வை

கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் நான் அதிகம் பேசிய வசனம், "இழுக்காத, தூக்கி வை." ஆசையாகப் பேச வேறு எதுவும் தோன்றவில்லை என்று நினைக்காதீர்கள். தோன்றும். அதற்குள் அவள் எதையாவது இழுத்துவிடுவாள்.

அது இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தேன். வெடிமருந்து அறையில் ஒரு பெட்டியைக்கூடத் தரையில் இழுக்கக் கூடாது. உரசிப் பொறி கிளம்பினால் அவ்வளவுதான். நாள் முழுக்க அதையே கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், விருதுநகரில் பிறந்து வளர்ந்த மகராசி குடத்தை இழுப்பாள், நாற்காலியை இழுப்பாள், கட்டிலையே இழுத்துப் போட்டுப் பெருக்குவாள். எனக்குச் சுர்ரென்று ஏறும். இருபது பேரை அதட்டுகிற குரல் அந்தச் சின்ன வீட்டில் எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வைகாசியில் கல்யாணம். வழக்கப்படி ஆடிக்கு அவள் அம்மா வந்து அழைத்துப் போனார். ஆவணி பிறந்து பத்து நாளாகியும் ஆள் திரும்பவில்லை. "ஃபோர்மேன் வேலையைக் கம்பெனியோட வச்சுக்கிடுறதுன்னா சொல்லுங்க, வாரேன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் எதுவும் உரசவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை.

இனி வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். மாமனார் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளிருந்து வந்தாள். சுவரோரம் கிடந்த இரும்பு பெஞ்சைப் பிடித்து வாசல்வரை கரகரவென்று இழுத்தாள். வேண்டுமென்றேதான். நான் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் என் முன்னால்வரை இழுத்து வந்தாள்.

"என்ன, ஒண்ணும் சொல்லலையா?"

"நான் என்ன சொல்ல? உன் இஷ்டம்."

"வாயை மூடிக்கிட்டீக. மூஞ்சி கத்துதே."

சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. டம்ளர் பிடித்த என் கை நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமெல்லாம் இல்ல" என்றேன். "அந்தச் சத்தம் கேட்டா எனக்குப் பயம்." இருபது பேரை மேய்க்கிற ஆம்பளைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"பயம்னா பயம்னு சொல்லணும். அதட்டுனா எனக்கு எப்படித் தெரியும்?" என்றவள், பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடிங்க. இதை இருந்த இடத்துல வச்சுட்டுக் கிளம்புவோம்."